நாவை அறியாதார் நாட்டை அறியார்

நோயாளியின் நாடியைத் தொட்டுப் பாராமலும், அவன் வாய்ச்சொல்லைக் கேளாமலும், அவன் உடுத்திருக்கும் ஆடையின் நிறத்தைக் கொண்டே நோய் இன்னதெனத் துணியும் ஒருவனை எவரும் மருத்துவனென மதியார். ஆனால், தென்னாசியாவின் குமுகாயத்தையும் அரசியலையும் ஆய்ந்து நூல் எழுதும் அறிஞருட் பலர் நெடுங்காலமாகச் செய்து வருவது அத்தகைய மருத்துவமே ஆகும். அங்கு வாழும் மக்கள் என்ன மொழி பேசுகின்றனர், அம்மொழியில் என்ன கேட்கின்றனர் என்பதை அவ்வறிஞர் செவிமடுப்பதில்லை. தலைநகர்களில் அமர்ந்து, ஆட்சியாளரின் அறிக்கைகளையும் ஆங்கில இதழ்களையும் புரட்டி, அவற்றைக் கொண்டே ஒரு பெருநிலத்தின் உயிர்நிலையைக் கண்டுவிட்டதாக முழங்குகின்றனர்.

இந்தியா, பாக்கித்தான், வங்காளதேசம், இலங்கை, நேபாளம், பூட்டான், மாலத்தீவு என்னும் ஏழு நாடுகள் 1985-ஆம் ஆண்டு தாக்காவிற் கூடித் தெற்காசியக் கூட்டமைப்பைத் தோற்றுவித்தன. 2007-இல் ஆப்கானித்தானும் சேர, அஃது எட்டு நாடுகளின் கூட்டாயிற்று. மாந்தக் குலத்துள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இவ்வெட்டு நாடுகளில் வாழ்கின்றனர். இவற்றுட் பெரும்பாலானவை வெள்ளையர் ஆட்சியின் கீழோ அதன் நிழலிலோ கிடந்து, அவ்வாட்சியின் எச்சமாகவே தம் எல்லைகளைப் பெற்றவை. எல்லை வரைந்தோர் மக்களின் மொழியைக் கேட்டு வரைந்தாரல்லர். ஆகலின், ஓர் எல்லைக்குள் பல மொழியினங்கள் அடைபட்டன. வங்காளியர், பஞ்சாபியர் போன்ற ஒரே மொழியினத்தார் இரு நாட்டினராயினர்.

இந்நிலத்தை ஆய்வோர், படையைப் பற்றி ஒரு பகுதி எழுதுவர். சமயத்தைப் பற்றி இரு பகுதி எழுதுவர். தேர்தலைப் பற்றியும் தலைவர்களின் குடும்பங்களைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதுவர். மொழியோ, நூலின் கடைக்கோடியில், 'சிக்கல்கள்' என்னும் தலைப்பின் கீழ், வெள்ளப்பெருக்கிற்கும் வறட்சிக்கும் அருகில் ஒரு மூலையில் வைக்கப்பெறும். தன் மொழியிற் கல்வி வேண்டும் என்று கேட்பவன் 'வட்டார வெறியன்' எனப்படுவான். தன் மொழியில் முறையீடு எழுத உரிமை கேட்பவன் 'குறுகிய நோக்கினன்' எனப்படுவான். ஆள்வோன் தன் மொழியைப் பிறர் தலைமேற் சுமத்தினால் அதற்கு மட்டும் 'ஒருமைப்பாடு' என்று பெயர்!

இப்பெயர் சூட்டல் ஆய்வாகாது; ஆள்வோனின் கருத்தை ஆய்வாளன் வாயாற் கூறுதலே ஆகும். 1947-க்குப் பிற்பட்ட வரலாற்றை உள்ளவாறு எடுத்து வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை வெள்ளிடை மலையென விளங்கும். மொழியுரிமையைக் கேட்டதனால் இந்நிலத்தில் எந்த நாடும் உடைந்ததில்லை. கேட்டதை மறுத்ததனால் நாடு உடைந்ததும் உண்டு. உடையாத நாட்டில் குருதி ஆறாய்ப் பெருகியதும் உண்டு.

ஆள்வதற்காகக் கற்றவரும் கல்லாமலே ஆய்பவரும்

வெள்ளையர் இந்நாட்டு மொழிகளைக் கற்றது அன்பினால் அன்று, ஆள்வதற்காக. கல்கத்தாவில் 1800-இல் வில்லியம் கோட்டைக் கல்லூரியையும், சென்னையில் 1812-இல் சார்ச்சுக் கோட்டைக் கல்லூரியையும் அவர்கள் நிறுவியது, வரி தண்டவும் வழக்குத் தீர்க்கவும் வந்த தம் அலுவலர்க்கு மக்களின் மொழியைக் கற்பிப்பதற்கே. எனினும், கற்றதன் பயன் கற்றோரின் நோக்கத்தையும் விஞ்சி நின்றது. தென்மொழிகள் வடமொழியினின்று பிறந்தவை அல்ல, தனிக்குடும்பம் ஆனவை என்பதை எல்லிசு 1816-இல் எடுத்துக்காட்டினார். கால்டுவெல் 1856-இல் அதனை ஒப்பிலக்கணமாக விரித்து நிறுவினார். மக்களின் நாவைக் கேட்டதனாற் கிட்டிய உண்மைகள் இவை. வடநூல்களை மட்டும் புரட்டிக் கொண்டிருந்தோர்க்கு இவை ஆயிரம் ஆண்டாயினும் கிட்டியிரா.

அவர்கள் கேளாது விட்டதும் உண்டு. கிரியர்சன் தலைமையில் 1894-இல் தொடங்கி 1928-இல் முடிவுற்ற இந்திய மொழிகளின் அளவாய்வு, 179 மொழிகளையும் 544 கிளைமொழிகளையும் பதிவு செய்தது. ஆனால், சென்னை மாநிலமும் மைசூரும் ஐதராபாத்தும் அவ்வளவாய்வின் எல்லைக்குள் கொண்டு வரப்பெறவில்லை. தென்னகத்தின் பெரும்பரப்பு களத்திற் கேட்கப்படாமலே 'இந்திய மொழிகள்' அளந்து முடிக்கப்பட்டன.

அடுத்து வந்தவர் அமெரிக்கர். 1957-இல் உருசியர் விண்ணிற் செயற்கைக்கோள் ஏவியதைக் கண்டு வெருண்டு, 1958-இல் அவர்கள் ஒரு சட்டம் இயற்றினர். நாட்டுப் பாதுகாப்பிற்கான கல்விச் சட்டம் என்பது அதன் பெயர். அச்சட்டத்தின் பணத்தால் அவர்களுடைய பல்கலைக்கழகங்களில் தமிழும் வங்காளியும் உருதும் இந்தியும் கற்பிக்கப்பெற்றன. தம் வல்லாண்மையைக் காத்துக்கொள்ளவே அவர்கள் அவ்வாறு செய்தனர் என்பதில் ஐயமில்லை. எனினும், ஒரு மக்களை அறிய அவர் மொழியை அறிதல் வேண்டும் என்னும் எளிய உண்மையை அவ்வயலார் உணர்ந்திருந்தனர்.

இந்நிலத்திலேயே பிறந்த ஆய்வாளரின் நிலை என்ன? தில்லியில் இருந்து தமிழகத்தை ஆய்வோர் பலர் தமிழறியார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆய்ந்தோர் பலர் தமிழறிந்திலர். சென்னையில் இருந்து வங்காளத்தைப் பற்றியும் சிங்களரைப் பற்றியும் எழுதும் தமிழர் எத்துணைப் பேர் வங்காளியும் சிங்களமும் கற்றோர்? அனைவர்க்கும் ஆங்கிலமே கண், ஆங்கிலமே செவி. அடுத்த வீட்டுக்காரனின் குரலைக் கடல் கடந்து சென்று கேட்டு வரும் இந்நிலை வெட்கத்திற்குரியதன்றோ?

கணக்கிற் கரைந்து போனோர்

ஆய்வாளர் ஆட்சியாளரின் புள்ளிகளை நம்புகின்றனர். புள்ளிகள் பொய் கூறா என்பது அவர்தம் நம்பிக்கை. ஆனால், எதனை எதனோடு கூட்டுவது என்று முடிவு செய்பவன் புள்ளியன்று, ஆட்சியாளன்.

இந்தியாவின் 1961-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கு 1,652 தாய்மொழிப் பெயர்களை வெளியிட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில், மக்கள் தம் வாயாற் கூறிய பெயர்கள் 19,569. அவற்றைச் சலித்தும் இணைத்தும் 1,369 தாய்மொழிகளாக்கினர். பின்னர், பத்தாயிரம் பேரேனும் பேசும் 121 மொழிகளுள் அவற்றை அடக்கினர். அதற்குக் குறைந்தவை 'பிற' என்னும் ஒரே சொல்லுக்குள் புதைக்கப்பட்டன.

அக்கணக்கில் இந்தி பேசுவோர் 52 கோடியே 83 இலக்கம் எனக் காட்டப்பெற்றுள்ளனர். நாட்டு மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் என்று இதனைத்தான் முழங்குகின்றனர். ஆனால், தம் தாய்மொழி இந்தி என்று தம் வாயாற் கூறினோர் ஏறத்தாழ 32 கோடியே 22 இலக்கம் பேரே. எஞ்சிய இருபது கோடிப் பேர் யாவர்? போசுபுரி பேசுவோர் ஐந்து கோடிக்கு மேற்பட்டோர். இராசத்தானி பேசுவோர் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர். சத்தீசுகரி பேசுவோர் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோர். மககி பேசுவோர் ஒரு கோடிக்கு மேற்பட்டோர். இவர்களும் இவர்களைப் போன்ற பிறரும் இந்தி என்னும் பெருந்தொட்டியிற் கரைக்கப்பட்டனர். மைதிலியும் ஒரு காலத்தில் அவ்வாறு கரைக்கப்பட்டிருந்ததே; 2003-இல் அரசியலமைப்பின் எட்டாம் பட்டியலில் இடம்பெற்ற பின்னரே அதற்குத் தனி வரிசை கிட்டியது.

இந்தி வல்லாண்மையால் முதலில் தம் முகத்தை இழந்தோர் தமிழரோ வங்காளியரோ அல்லர். வடநாட்டின் போசுபுரியரும் மககியருமே. அவர்களின் பாட்டும் பழமொழியும் தாலாட்டும் ஒப்பாரியும் கிளைமொழி என்னும் இழிபெயரோடு ஒதுக்கப்பட்டன. 44 விழுக்காடு என்னும் எண்ணை மறுபேச்சின்றி எடுத்தாளும் ஆய்வாளன் அப்புதைப்பிற்குத் தானும் ஒரு கைம்மண் தள்ளியவனே ஆவான்.

உடைந்த நாடு உரைக்கும் பாடம்

சமயத்தின் பெயரால் 1947-இல் தோன்றிய நாடு பாக்கித்தான். அதன் 1951-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி வங்காளி பேசுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர். உருது பேசுவோர் ஏறத்தாழ 7 பேர். அவ்வாறிருந்தும், உருது ஒன்றே அரசுமொழி என்றனர் ஆள்வோர். அரசியலமைப்பு மன்றத்தில் வங்காளியையும் பயன்படுத்த ஒப்பவேண்டும் என்று 1948 பிப்பிரவரியில் தீரேந்திரநாத் தத்தர் கேட்டார். தலைமை அமைச்சர் இலியாகத் அலிகான் அதனை மறுத்தார். அடுத்த மாதம் 21-ஆம் பக்கல் தாக்காவில் பெருங்கூட்டத்தின் முன் நின்று, உருதைத் தவிர வேறு அரசுமொழி இல்லை என்று சின்னா அறிவித்தார். அவ்வறிவிப்பை அவர் செய்தது ஆங்கிலத்தில்! அவர்தம் குடும்பமொழியோ குசராத்தி! தமக்கே தாய்மொழியாகாத ஒன்றைப் பிறர் வாயில் திணிக்க முற்பட்ட இவ்விந்தையை ஆய்வாளர் எத்துணைப் பேர் எண்ணிப் பார்த்தனர்?

21.2.1952 அன்று தாக்காவில் மொழியுரிமை கேட்ட மாணவர்மேற் காவலர் சுட்டனர். சலாம், பர்க்கத்து, இரபீக், சப்பார் முதலியோர் மாண்டனர். 1956-ஆம் ஆண்டு அரசியலமைப்பில் வங்காளிக்கும் இடம் தரப்பெற்றது. ஆயினும் சட்டத்தில் தந்ததை ஆட்சியில் தரவில்லை. படையும் பணமும் அலுவலும் மேற்கிலேயே குவிந்தன. 1970 திசம்பர்த் தேர்தலில் கிழக்குப் பாக்கித்தானின் 162 பொதுத் தொகுதிகளுள் 160-ஐ அவாமி கட்சி வென்றது. மக்களின் அத்தீர்ப்பையும் ஆள்வோர் மதிக்கவில்லை. 25.3.1971 இரவு படையை ஏவினர். 1952-இல் மாண்டோர்க்கு எடுத்த நினைவுமாடத்தையும் அப்படை இடித்தது. எண்பது அகவை கடந்த தீரேந்திரநாத் தத்தரையும் அது பிடித்துச் சென்று கொன்றது. கல்லாய் நின்ற மொழியையும் உயிரோடு நின்ற மொழியையும் அது ஒருங்கே அஞ்சியது என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டுமோ? 16.12.1971 அன்று அந்நாடு இரண்டாயிற்று.

மொழி கேட்டவர் உடைத்தாரா? மறுத்தவர் உடைத்தாரா? 1948-இல் தத்தர் கேட்டது தனிநாடன்று. அரசியலமைப்பு மன்றத்தில் தம் மக்களின் மொழிக்கும் ஓர் இருக்கை. அதனைத் தர மனமில்லாதோர் பாதி நாட்டையே தந்துவிட்டுச் சென்றனர். பிப்பிரவரி 21-ஆம் பக்கலை உலகத் தாய்மொழி நாளென ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு 1999-இல் அறிவித்தது.

இலங்கையில் நிகழ்ந்ததும் இதுவே. அங்கு நிகழ்ந்ததை இரண்டாயிரம் ஆண்டுப் பழம்பகை என்று எழுதுவோர் உளர். பழம்பகை ஒன்று இருந்திருப்பின், அதனை 1956-இல் ஒரு சட்டத்தால் மூட்ட வேண்டியிருந்திராது. ஆங்கிலச் சூழலில் வளர்ந்து ஆக்சுபோர்டிற் கற்றுத் திரும்பிய பண்டாரநாயக்கா, சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் செய்தார். 5.6.1956 அன்று காலிமுகத்திடலில் அறவழியில் அமர்ந்த தமிழர் தாக்கப்பட்டனர். இருமொழியாயின் ஒரு நாடு, ஒருமொழியாயின் இரு நாடு என்னும் கருத்துப்பட நாடாளுமன்றத்தில் எச்சரித்தார் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவரே 1972-இல் அமைச்சராக இருந்து இயற்றிய அரசியலமைப்பு, சிங்களத்தின் தனியாட்சியை உறுதி செய்தது! அறிவு அறியாமையால் மட்டும் தோற்பதில்லை. அதிகார நாற்காலியாலும் தோற்கும் என்பதற்கு இதனினும் எடுத்துக்காட்டு இல்லை.

26.7.1957-இல் பண்டாரநாயக்காவும் செல்வநாயகனாரும் செய்த உடன்படிக்கை ஓராண்டு கூட நிலைக்கவில்லை; 1958 ஏப்பிரலிற் கைவிடப்பட்டது. அடுத்த மாதமே தமிழர்மேற் பெருங்கொலை கட்டவிழ்ந்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 சூலையில் தமிழர் வீடுகள் எரிந்தன. தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு ஒப்பியது 1987-இல். முப்பத்தோராண்டு கழித்து வந்த அவ்வரியை வரவேற்க அமைதி அங்கு எஞ்சியிருக்கவில்லை. போர் 2009 மே வரை நீண்டது. 1956-இல் ஒரு வரிச் சட்டத்தால் தந்திருக்கக்கூடியதை மறுத்ததற்கு அத்தீவு செலுத்திய விலை அது.

வீழ்ந்த குறிமொழி

இந்தியாவைப் பற்றி அறிஞர் கூறிய குறியைக் காண்க. மொழிவழி மாநிலம் அமைத்தல் நாட்டிற்குக் கேடு என்று 1948-இல் தார் ஆணையம் அறிக்கை தந்தது. நேருவும் பட்டேலும் பட்டாபியும் அமர்ந்த குழுவும் 1949-இல் அதனையே வேறு சொல்லாற் கூறியது. ஆந்திர மாநிலம் கேட்டு 19.10.1952-இல் உண்ணாநோன்பு தொடங்கிய பொட்டி சிறீராமுலு 15.12.1952-இல் உயிர் நீத்தார். அதன் பின்னரே ஆள்வோர் செவி திறந்தது. 1.10.1953-இல் ஆந்திரமும், 1.11.1956-இல் மொழிவழி மாநிலங்களும் அமைந்தன.

1960-இல் செலிக் ஆரிசன் என்னும் அமெரிக்கர், இந்தியாவின் பேரிடர் மிக்க பத்தாண்டுகள் என்னும் பொருளுடைய தலைப்பில் நூல் எழுதினார். மொழியும் சாதியும் இந்நாட்டைச் சிதறடித்துவிடக்கூடும் என்னும் அச்சமே அதன் உள்ளீடு. அறிஞர் பலர் அதனைத் தலைமேற் கொண்டாடினர். ஆண்டுகள் அறுபதிற்கு மேற் கழிந்தன. சிதறல் நிகழவில்லை. மொழிக்கு மாநிலம் தந்த இடங்களில் மொழிப்பூசல் தணிந்தது. எங்கு ஒருமொழியைச் சுமத்த முற்பட்டனரோ அங்குதான் தீ மூண்டது. 26.1.1965 முதல் இந்தி ஒன்றே நடுவண் ஆட்சிமொழி என்னும் ஏற்பாட்டை எதிர்த்துத் தமிழகம் கொதித்தெழுந்ததும், 1967-இல் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பெற்று ஆங்கிலம் நீடித்ததும், அதன்பின் கொதிப்பு அடங்கியதும் அறிஞர் கண்ணிற்படவில்லையா?

இதனால், மொழி ஒன்றே அனைத்தும் எனக் கொள்ளுதலும் பொருந்தாது. ஒரே மொழி பேசும் தெலுங்கர் 2.6.2014-இல் இரு மாநிலத்தாராயினர். நீரும் வேலையும் வளர்ச்சியும் ஒரு சாரார்க்கே சென்றன என்பதே தெலுங்கானத்தாரின் குறை. அம்பேத்கர் இத்தகைய இடரை 1955-லேயே கண்டு, மொழிவழி மாநிலங்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். ஒரு மாநிலத்திற்கு ஒரு மொழி போதும், ஒரு மொழிக்கு ஒரே மாநிலம் என்னும் கட்டாயம் இல்லை என்றார். மொழிவழி மாநிலத்தில் பெருஞ்சாதியின் ஆட்சி சிறுபான்மையர் மேற் படியும் என்றும் எச்சரித்தார். மொழியைக் கேட்பவன் இக்குரலையும் கேட்டல் வேண்டும்.

மலைநாடுகளின் சான்று

இமயத்தின் சாரலிலும் இப்பாடமே எழுதப்பட்டுள்ளது. நேபாளத்தில் 1960-இல் ஆட்சியைத் தம் கைக்குள் எடுத்துக்கொண்ட மன்னர் மகேந்திரர் காலத்தில், ஒரே மொழி, ஒரே உடை, ஒரே நாடு என்பது முழக்கமாயிற்று. 1965-இல் வானொலியினின்று நேவாரிச் செய்தியும் இந்திச் செய்தியும் நீக்கப்பெற்றன. முடியாட்சியின் கெடுபிடி தளர்ந்த பின்னரும், 1999-இல் உள்ளாட்சி மன்றங்களில் நேவாரியும் மைதிலியும் வழங்கலாகாது என்று அந்நாட்டின் தலைமை வழக்குமன்றம் தீர்ப்பளித்தது. 2015-ஆம் ஆண்டு அரசியலமைப்போ, அங்குப் பேசப்படும் தாய்மொழிகள் அனைத்தும் நாட்டின் மொழிகளே என்கின்றது. 2021-ஆம் ஆண்டுக் கணக்கில் அவற்றின் எண்ணிக்கை 124. ஒன்று என்று அரசன் எண்ணிய இடத்தில் மக்கள் நூற்றிருபத்து நால்வராய் நின்றனர்!

பூட்டானில் 1989-இல் ஒரே உடை, ஒரே ஒழுகலாறு என்னும் ஆணை பிறந்தது; பள்ளிகளினின்று நேபாளி நீக்கப்பெற்றது. தெற்கில் வாழ்ந்த நேபாளி மொழியினர் நூறாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஏதிலியராய் நேபாளத்து முகாம்களில் ஆண்டுக்கணக்கிற் கிடந்தனர். பெரும்பாலோர் பின்னர் அமெரிக்கா முதலிய நாடுகளில் குடியமர்த்தப்பட்டனர். அந்நாட்டின் மகிழ்ச்சி அளவையைப் புகழ்ந்து கட்டுரை வரையும் ஆய்வாளர், அவ்வேதிலியரின் வாய்மொழியையும் கேட்டு எழுதுவாராக.

ஒடுக்கப்பட்டோர் ஒடுக்குவோர் ஆகுங்கால்

உண்மை இருபுறமும் கூரிய வாள். அதனைப் பிறர்மேல் மட்டும் வீசி மகிழ்தல் நேர்மையன்று. மொழிக்காகக் குருதி சிந்தி விடுதலை பெற்ற வங்காளதேசம், 1972-ஆம் ஆண்டு அரசியலமைப்பிற் குடிமக்கள் அனைவரையும் வங்காளியர் என்றே குறித்தது. தாம் வங்காளியர் அல்லர், சக்மா இனத்தினர் என்று சிட்டகாங் மலைநாட்டின் மானவேந்திர நாராயண லார்மா அம்மன்றத்திலேயே எழுந்து மறுத்தார். கேட்பார் இல்லை. மலையிற் படைக்கலப் போர் மூண்டது, 2.12.1997-இல் தான் உடன்படிக்கை ஏற்பட்டது. தாக்கா மாணவரின் நினைவுமாடத்தில் மலர் தூவிய கைகளே சக்மாவின் வாயைப் பொத்தின.

அசாமியம் ஒன்றே ஆட்சிமொழி என்று 1960-இல் அசாம் சட்டம் செய்தது. அதனை எதிர்த்துச் சில்சாரில் எழுந்த வங்காளியருள் பதினொருவர் 19.5.1961 அன்று சுட்டுக் கொல்லப்பட்டனர். தில்லியிடம் தன் மொழிக்கு உரிமை கேட்கும் மாநிலமே தன் அகத்துள்ள சிறுமொழிக்கு அதனை மறுத்தது.

தமிழகமும் தன்னைக் கேட்டுக்கொள்ளுதல் வேண்டும். நீலமலையில் தோடரும் கோத்தரும் வாழ்கின்றனர். தமிழின் உடன்பிறப்புகளாகிய அம்மொழிகளைப் பேசுவோர் சில ஆயிரவரே. குடிக்கணக்கின் 121 மொழிகளுள் அவற்றிற்கு இடமில்லை. 1935 முதல் 1938 வரை இந்நாட்டில் தங்கி அம்மொழிகளைக் கேட்டு எழுதியவர் எமனோ என்னும் அயல்நாட்டறிஞர். கோத்தரின் கதைகளும் தோடரின் பாடல்களும் அவர் வாயிலாகவே உலகறிந்த நூல்களாயின. பக்கத்து மலையிற் பேசும் உடன்பிறந்தாளின் மொழியைத் தமிழ்ப் பிள்ளைகளுள் எத்துணைப் பேர் ஒருமுறையேனும் கேட்டிருப்பர்? தமிழுக்கு உரிமை கேட்கும் நா, தோடமொழிக்கும் இருளமொழிக்கும் அவ்வுரிமை உண்டென்று கூறத் தயங்குமாயின், அது கேட்பது உரிமையன்று. தனக்கோர் இடம் மட்டுமே.

மொழி சாதியை மறைக்கின்றதா?

ஈண்டு ஒரு மறுப்பு எழும். மொழி மொழி என்று பேசுதல் சாதிக் கொடுமையையும் ஏழைமையையும் மறைக்கும் திரையன்றோ என்பர். அவ்வாறு திரையாகப் பயன்படுத்துவோர் உளர் என்பது உண்மையே. ஆனால், சாதியின் உண்மை எம்மொழியில் வெளிப்பட்டது என்பதை அம்மறுப்பாளர் எண்ணுதல் வேண்டும்.

1901-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இரிசுலி என்னும் வெள்ளை அலுவலர் சாதிகளை மேல் கீழென வரிசைப்படுத்தினார். மூக்கின் அளவைக் கொண்டும் மாந்தரை வகுக்க முற்பட்டார். அவ்வாங்கில ஏடுகளில் ஒடுக்கப்பட்டவன் அளக்கப்படும் பொருள். பேசும் மாந்தன் அல்லன். அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே, 1873-இல், மராத்தியத்தில் அடிமைமுறையைச் சாடிப் பூலே நூல் எழுதிவிட்டார். 1907-இல் அயோத்திதாசர் சென்னையில் தமிழிலேயே கிழமை இதழ் தொடங்கி, சாதியின் வேரைத் தோண்டினார். 1920-இல் அம்பேத்கர் தொடங்கிய 'மூக்நாயக்' என்னும் இதழ் மராத்திய இதழே. 1972-இல் மும்பையில் எழுந்த தலித்துச் சிறுத்தைகள் இயக்கத்தின் பாவலர்களும் மராத்தியத்திலேயே முழங்கினர். ஒடுக்கப்பட்டோர் தம் வாயாற் பேசியபோது தம் மொழியிலேயே பேசினர். அம்மொழியை அறியாதோர்க்கு அவர் கூறியதும் எட்டவில்லை. அயோத்திதாசரின் எழுத்துகள் 1999-இற் பெருந்தொகுப்பாக வெளிவரும் வரை இந்திய அரசியல் ஆய்வு நூல்கள் பலவற்றில் அவர் பெயர்தானும் இல்லை. அவர் எழுதாததன் குறையா அது? படிக்காதோரின் குறையன்றோ!

ஆகவே, மொழியை விலக்கினால் சாதி தெரியும் என்பது பொய். மக்களின் மொழிக்குள் இறங்கினால்தான், யார் யாரை 'நீர்' என்கின்றனர், யார் யாரை 'அடா' என்கின்றனர், எவர் வாயில் எச்சொல் வசையாய் நிற்கின்றது என்பதெல்லாம் விளங்கும். சாதியின் கொடுக்கு இருப்பது அங்கேதான். ஆங்கிலத்தின் ஒரே முன்னிலைச் சொல்லுள் அவ்வேறுபாடு முழுவதும் அமிழ்ந்து மறையும்.

செய்யத்தக்கது

தென்னாசியாவை ஆயும் கல்வி இனிச் செல்ல வேண்டிய வழி தெளிவாக உள்ளது. ஒரு மக்களைப் பற்றி எழுத முற்படுவோன் அவர்தம் மொழியைக் கற்ற பின்னரே எழுதுகோலை எடுத்தல் வேண்டும். கல்லாமல் எழுதியதை ஆய்வேடென ஏற்றுப் பட்டம் வழங்கும் பழக்கத்தைப் பல்கலைக்கழகங்கள் கைவிடல் வேண்டும். ஆட்சியாளரின் குடிக்கணக்கைச் சான்றாகக் கொள்ளுமுன், அஃது எம்மொழியை எதனுட் புதைத்தது என்று தோண்டிப் பார்த்தல் வேண்டும்.

தமிழரின் கடமை இதனிற் பெரிது. வங்காளியின் மொழிப்போர் வரலாற்றைத் தமிழன் வங்காளியினின்றே நேரே பெயர்த்துப் படித்தல் வேண்டும். ஆங்கிலத்தின் எச்சிலாக அன்று. சிங்களம் கற்ற தமிழறிஞர் பலர் தோன்றுதல் வேண்டும். பகைவன் என்று எண்ணுவோனின் மொழியைக் கல்லாமை வீரமன்று, கண்மூடித்தனம். மைதிலியும் போசுபுரியும் கற்ற தமிழ் இளைஞன் ஒருவன், இந்தியால் விழுங்கப்பட்ட வடவரின் துயரைத் தமிழில் எழுதுவானாயின், அது நூறு மேடைப்பேச்சினும் வலிது. 1981-இல் தமிழுக்கென்றே தஞ்சையில் எழுந்த பல்கலைக்கழகத்தைப் போன்ற நிறுவனங்கள், அண்டை நாட்டு மொழிகளைத் தமிழ் வாயிலாகக் கற்பிக்கும் துறைகளை வளர்த்தல் வேண்டும். தோடர்க்கும் கோத்தர்க்கும் இருளர்க்கும் அவரவர் மொழியில் தொடக்கக் கல்வி கிட்டத் தமிழரே முன்னின்று குரல் கொடுத்தல் வேண்டும்.

தத்தர் கேட்டது ஓர் இருக்கை. செல்வநாயகனார் கேட்டது ஓர் இணைமொழி. லார்மா கேட்டது ஒரு பெயர். மூவர்க்கும் ஆள்வோர் செவி கொடுக்கவில்லை; மூவரையும் அறிஞர் பலர் 'சிக்கல்' என்னும் தலைப்பின் கீழ்த் தள்ளினர். தம் மொழியை அரியணையேற்றப் போராடும் தமிழர், அத்தவற்றை ஒருபோதும் செய்தலாகாது. பிறன் நாவை மதித்துக் கேட்கக் கற்றவன் தன் நாவிற்குக் கேட்கும் உரிமையை எவரும் வெறி என்று இகழ முடியாது. தமிழ் மாணவர் இன்றே ஓர் அண்டை மொழியைக் கற்கத் தொடங்குக! கற்றதைத் தமிழில் எழுதுக! எழுதியதைத் தமிழ்நிலம் எங்கும் பரப்புக!